பழைய பருப்பும் பழைய சர்வரும்



சென்ற மாதம் நமது சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, மல்லாங்கிணறில் மளிகைக் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "அண்ணாச்சி, பில் போடுற கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாப் போகுது. ஒருத்தர் பழைய சர்வர் ஒண்ணு 35 ஆயிரத்துக்குத் தர்றேங்கிறார். ரெண்டு பிராசசராம், பதினாறு கோராம். இன்னும் கொஞ்சம் மேலே போட்டா ஒரு லேப்டாப் வரும். எதை வாங்கலாம்? நீங்ககூட ஒரு சர்வர் வாங்கினீங்களாமே?" என்று கேட்டார்.

வாங்கினேன் என்பது உண்மைதான். வாங்கி ஆறு மாதம் பட்ட பாட்டை அவருக்கு நின்றபடியே சொல்லி முடிக்க முடியவில்லை. இதே கேள்வி நம் உறுப்பினர்கள் பலருக்கும் இருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு கடைக்கு வந்தவன். கம்ப்யூட்டர் நிபுணன் அல்ல. ஆனால் 42 ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

எங்கள் கடையில் 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்த நாள் முதல் எல்லாக் கணக்கும் கம்ப்யூட்டரில்தான். அதற்கு முன் பேரேடும் சிட்டையும் என் கையெழுத்திலேயே இருந்தன. ஏழு வருடக் கணக்கு சேரச் சேர, பழைய கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்தது. போதாக்குறைக்கு 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பையிலிட்டு லேபிள் ஒட்டிய பருப்புக்கு 5 சதவீத வரி, அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு இல்லை என்று ஆன பிறகு, ஒரே துவரம் பருப்புக்கு இரண்டு மூன்று கணக்குத் தலைப்புகள் வைக்க வேண்டியதாயிற்று. 2024 ஆடி மாதம், தீபாவளிக்கு முன் ஏதாவது செய்தாக வேண்டும் என்று விசாரித்தபோதுதான் அந்தச் சர்வர் வந்தது.

விற்றவரின் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். "அண்ணாச்சி, இது பெரிய பெரிய கம்பெனியிலே ராப்பகலா ஓடின மெஷின். புதுசா இருந்தப்போ லட்சக்கணக்கிலே விலை. லேப்டாப் எல்லாம் பிள்ளைங்க படம் பார்க்கிறதுக்கு" என்றார். இரண்டு பிராசசர், 64 ஜி.பி. நினைவகம், நான்கு டிஸ்க். தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. கனமாக இருக்கிற சரக்கு நல்ல சரக்கு என்கிற நம் புத்தி அங்கேயும் வேலை செய்துவிட்டது.

தீபாவளி வாரம்

அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 31. முந்திய பத்து நாட்களும் கடையில் நிற்க இடமில்லை. பலகாரச் சீட்டுப் பிடிப்பவர்கள், சுற்றுக் கிராமத்துச் சில்லறைக் கடைக்காரர்கள், பட்டாசு ஆலைத் தொழிலாளர்களுக்குப் போனஸோடு மளிகைப் பை கொடுக்கும் முதலாளிகள் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். பில்லில் ஒவ்வொரு வரி ஏறும்போதும் ஒரு தயக்கம். நாற்பது ஐட்டம் உள்ள பில்லைப் போட்டு முடித்து அச்சடிக்கக் கொடுத்தால், கம்ப்யூட்டர் யோசித்துக்கொண்டே நிற்கும். லோடுமேன்கள் மூட்டையை முதுகில் வைத்துக்கொண்டு பில்லுக்குக் காத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். மின்விசிறிகளின் சத்தம் மட்டும் மாவு மில் ஓடுவது போல் கேட்டுக்கொண்டே இருந்தது.

தீபாவளி லீவில் என் பேத்தி மதுரையிலிருந்து வந்திருந்தாள். பொறியியல் படிக்கிறாள். அவளுக்கு 2023-இல் 48 ஆயிரத்துக்கு ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்திருந்தோம். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "தாத்தா, உங்க கணக்கை என் லேப்டாப்பிலே ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்றாள். அதே கணக்கை, அதே மென்பொருளில், ஏப்ரல் முதல் அன்று வரையிலான சரக்கிருப்பைக் கேட்டோம். சர்வர் எடுத்துக்கொண்டது 52 விநாடி. லேப்டாப் 14 விநாடி. மூன்று முறை செய்து பார்த்தோம், பெரிய மாற்றமில்லை.

எனக்குக் கோபம் வந்தது. பிராசசர் மேல் பழியைப் போட்டேன். ஆனால் அவள் அவசரப்படவில்லை. சர்வரில் இருந்தது சுழலும் பழைய டிஸ்க். லேப்டாப்பில் இருந்தது சுழலாத எஸ்.எஸ்.டி. கிட்டங்கியிலிருந்து சரக்கு வருவதே தாமதமானால் தராசுக்காரரைத் திட்டிப் பயனில்லை அல்லவா? ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கிச் சர்வரில் பொருத்திப் பார்த்தோம். 52 விநாடி 29 ஆகக் குறைந்தது. ஆகவே தாமதத்தில் பெரும் பங்கு டிஸ்குக்குச் சேர்ந்தது. மெதுவாக ஓடும் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் புதிது வாங்கும் முன் இதை முதலில் செய்து பாருங்கள். சில ஆயிரம் ரூபாய்தான் செலவு.

ஆனால் மிச்சமிருந்த 29-க்கும் 14-க்கும் இடையில் உள்ள வித்தியாசம் பிராசசருடையது.

ஒரு பில்லுக்கு எத்தனை கணக்குப்பிள்ளை?

எங்கள் சர்வரில் இருந்தது இன்டெல் ஜியான் ஈ5-2670 என்ற பிராசசர், இரண்டு. 2012-இல் வெளிவந்தது. ஒவ்வொன்றிலும் 8 கோர். கோர் என்றால் தனியாக உட்கார்ந்து கணக்குப் போடும் ஒரு கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸ், தேவைப்பட்டால் 3.3 வரை போகும். பேத்தியின் லேப்டாப்பில் இருப்பது இன்டெல் கோர் ஐ5-1235யூ. இது 2022-இல் வந்தது. மொத்தம் 10 கோர். அதில் 2 பெரியவை, 8 சிறியவை. பெரிய கோர் 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும்.

கணக்கு ஓடும்போது கம்ப்யூட்டர் எவ்வளவு உழைக்கிறது என்று பார்க்க ஒரு திரை உண்டு. பேத்தி அதைத் திறந்து காட்டினாள். சர்வரில் 32 கட்டங்கள் தெரிந்தன. 16 கோரும் ஒவ்வொன்றும் இரண்டு வேலையை மாற்றி மாற்றிப் பார்க்கும் என்பதால் அந்தக் கணக்கு. மொத்த உழைப்பு எவ்வளவு என்று பார்த்தால் 4 சதவீதம்! கல்லாவில் கூட்டம் நிற்கிறது, பில் வரவில்லை, ஆனால் மெஷின் நூற்றுக்கு நான்கு பங்குதான் உழைக்கிறது. ஒரு கணக்குப்பிள்ளை வியர்க்க வியர்க்க எழுதுகிறார், மற்றவர்கள் திண்ணையில் படுத்திருக்கிறார்கள்.

இதற்குக் காரணம் பில்லின் தன்மை. ஒரு வரியில் சரக்கிருப்பைக் கழித்த பிறகுதான் விலை, விலை வந்த பிறகுதான் தள்ளுபடி, அதற்குப் பிறகுதான் மத்திய வரி, மாநில வரி, கடைசியில் பார்ட்டியின் பற்று. முன்னது முடிந்தால்தான் பின்னது. ஒரே சிட்டையை எட்டுப் பேர் சேர்ந்து எழுத முடியாது. நம்மில் பலர் உபயோகிக்கும் கணக்கு மென்பொருள்களில் ஒருவர் ஒரு விவரம் கேட்டால் பெரும்பாலும் ஒரே கோர்தான் அந்த வேலையைப் பார்க்கிறது. ஆகவே நமக்கு வேண்டியது ஆள் எண்ணிக்கை அல்ல. கையெழுத்து வேகமுள்ள ஒரு ஆள்.

அந்த ஒரு ஆளின் வேகத்தில்தான் பத்து வருட வித்தியாசம் தெரிகிறது. 3.3-க்கும் 4.4-க்கும் மூன்றில் ஒரு பங்குதானே கூடுதல் என்று தோன்றும். நானும் அப்படித்தான் கேட்டேன். கிகாஹெர்ட்ஸ் என்பது கடிகாரத் துடிப்பு மட்டுமே. ஒரு துடிப்புக்குள் எவ்வளவு வேலை முடிகிறது என்பது வேறு விஷயம். பழைய கோர் ஒரு துடிப்பில் செய்யும் வேலையைவிடப் புதிய கோர் கணிசமாக அதிகம் செய்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்து, ஒற்றைக் கோர் வேகத்தில் அந்த லேப்டாப் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எங்கள் வீட்டுச் சோதனையில் கண்ட 29-க்கு 14 என்பதும் அதுதான்.

சரி, எல்லாக் கோரும் சேர்ந்து உழைக்கும் வேலையாக இருந்தால்? அப்போதும் ஒரு ஈ5-2670-ஐ அந்த லேப்டாப் பிராசசர் பொதுவாக மிஞ்சுகிறது. இரண்டு சர்வர் பிராசசரும் சேர்ந்தால்தான் லேப்டாப்பைத் தாண்டுகிறது. பத்து வருடத்தில் சரக்கு அப்படி மாறிவிட்டது.

அவன் ஏன் விற்றான்?

நாம் வியாபாரிகள். குண்டூரிலிருந்து வத்தல் வழக்கத்தைவிடக் குறைந்த விலைக்கு வந்தால் முதலில் என்ன கேட்கிறோம்? எந்த வருடத்து வத்தல், குளிர்பதனக் கிடங்கில் எத்தனை மாதம் கிடந்தது என்று கேட்கிறோம். கையில் எடுத்து உடைத்து, முகர்ந்து பார்க்கிறோம். இந்தச் சர்வரை வாங்கும்போது அந்தக் கேள்வி என் வாயில் வரவில்லை.

ஈ5-2670 வெளிவந்தபோது இன்டெல் வைத்த விலை ஒன்றுக்கு 1,552 டாலர். 2016 வாக்கில் அதே பிராசசர் அமெரிக்காவில் பழைய சந்தையில் 100 டாலருக்கும் கீழே கிடைத்தது. கெட்டுப்போனதால் அல்ல. ஆயிரக்கணக்கில் சர்வர் வைத்திருக்கும் பெரிய இணைய கம்பெனிகள் சில வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றுகின்றன. அவர்களுக்கு இடமும் கரண்டும்தான் பெரிய செலவு. அதே கரண்டில் இரண்டு மடங்கு வேலை செய்யும் புது மெஷின் வந்தவுடன், ஓடிக்கொண்டிருக்கும் பழையதை வைத்திருப்பதே அவர்களுக்கு நஷ்டம். அப்படிக் கழிக்கப்பட்டவை சீனாவுக்குப் போய், அங்கே தயாராகும் மலிவு போர்டுகளில் பொருத்தப்பட்டு, நம் ஊர்ச் சந்தைக்கும் சென்னை ரிச்சி தெருவுக்கும் வந்து சேருகின்றன. கரண்டுச் செலவு தாங்காமல் அமெரிக்கக்காரன் கழித்ததை, காரியாபட்டியில் கரண்டு கட்டி ஓட்ட நான் வாங்கியிருக்கிறேன்.

பழைய துவரம் பருப்பைப் பற்றி நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். விலை குறைவாக இருக்கும், பார்வைக்கும் நன்றாக இருக்கும். வேகுவதற்குள் அடுப்பு தின்கிற கேஸில் மிச்சம் பிடித்தது போய்விடும்.

கரண்டுக் கணக்கைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை முழுமையாகாது. ஈ5-2670-இன் மின் அளவு 115 வாட். இரண்டுக்கு 230. ஐ5-1235யூ-வின் அடிப்படை அளவு 15 வாட், வேகம் பிடிக்கும் சில விநாடிகளுக்கு 55 வரை போகலாம். எங்கள் எலெக்ட்ரீசியன் மீட்டர் வைத்துப் பார்த்தார். சர்வர் சும்மா இருக்கும்போதே சுவரிலிருந்து 140 வாட் இழுத்தது, வேலை செய்யும்போது இன்னும் அதிகம். சராசரி 150 என்று வைத்துக்கொள்வோம். "சர்வரை அணைக்கக் கூடாது" என்று விற்றவர் சொன்னதால் இரவும் பகலும் ஓடியது. ஒரு நாளைக்கு 3.6 யூனிட், மாதம் 108 யூனிட். கடை மின் இணைப்புக்கு யூனிட் 10 ரூபாய் என்று கணக்குக்காக வைத்தால் மாதம் 1,080 ரூபாய். லேப்டாப் சராசரி 20 வாட், தினம் 12 மணி நேரம், மாதம் 26 நாள் ஓடினால் ஆறேகால் யூனிட் கூட வரவில்லை. 62 ரூபாய். வருடத்துக்கு வித்தியாசம் 12 ஆயிரத்துக்கு மேல். நான்கு வருடத்தில் இன்னொரு லேப்டாப்.

கரண்டு போகும்போது நடந்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் இருந்த சிறிய யு.பி.எஸ். அந்தச் சர்வரை நான்கு நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. லேப்டாப்புக்கு அதன் பேட்டரியே யு.பி.எஸ்.

சர்வருக்கும் நியாயம் சொல்ல வேண்டும்

என் ஆத்திரத்தில் சர்வரே உதவாத பொருள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதன் நினைவகத்துக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே ஓர் எழுத்து தானாகப் புரண்டுவிட்டால் அதைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். சாதாரண லேப்டாப் நினைவகத்தில் அந்த வசதி கிடையாது. டிஸ்க் ஒன்று கெட்டாலும் இன்னொன்றில் கணக்கு இருக்கும்படி அமைக்கலாம். ஒரு ஈ5-2670 போர்டில் 384 ஜி.பி. வரை நினைவகம் ஏற்றலாம், அந்த லேப்டாப் பிராசசருக்கு உச்சம் 64. மேலும் லேப்டாப்பின் வேகம் குறுகிய ஓட்டத்துக்குரியது. மணிக்கணக்கில் விடாமல் உழைக்க வைத்தால் சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில், தகரக் கூரைக் கிட்டங்கியில் வைத்தால் சொல்லவே வேண்டாம். சர்வர் அதற்கென்றே செய்யப்பட்டது.

சிவகாசியில் எங்கள் உறவினர் ஒருவருக்கு அச்சகம் இருக்கிறது. காலண்டர் சீசனில் நூற்றுக்கணக்கான பக்கங்களை நான்கு நிறமாகப் பிரித்து, புள்ளிகளாக்கி, தகடு எடுக்கும் மெஷினுக்கு அனுப்பும் வேலை இரவெல்லாம் நடக்கும். ஒவ்வொரு பக்கமும் தனித்தனி வேலை. ஒன்று முடியட்டும் என்று மற்றது காத்திருக்க வேண்டியதில்லை. பதினாறு கோர் இருந்தால் பதினாறும் உழைக்கும். 2025 தை மாதம் எங்கள் சர்வரை அவருக்கு 25 ஆயிரத்துக்குக் கொடுத்தேன். அங்கே அந்தத் திரையைத் திறந்து பார்த்தால் கட்டங்கள் எல்லாம் உச்சியில் நிற்கின்றன. இணையத் தொடர்பு கொடுக்காமல் அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்திருக்கிறார். எங்களிடம் 4 சதவீதம் உழைத்த அதே மெஷின்தான்.

அதே போல "புது லேப்டாப்" என்ற வார்த்தையையும் அப்படியே நம்ப வேண்டாம். செலரான் என்4020 என்று ஒரு பிராசசர். இரண்டே கோர், 6 வாட். இதைப் போட்ட லேப்டாப்புகள் மலிவாகக் கிடைத்தன, பழைய சந்தையில் இன்னும் கிடைக்கின்றன. ஒற்றைக் கோர் வேகத்தில் அது நான் திட்டிய 2012 சர்வரைவிட மெதுவானது. பளபளப்பான பெட்டியைப் பார்த்து வாங்கினால் என் கதையேதான்.

ஆகவே எண்ணைக் கேளுங்கள். ஐ5-1235யூ என்பதில் முதலில் வரும் 12 என்பது பன்னிரண்டாம் தலைமுறை. ஐ5-8250யூ என்றால் எட்டாம் தலைமுறை, 2017. வெறும் "ஐ5" என்று சொல்கிறவரிடம் முழு எண்ணைக் கேளுங்கள். ஈ5-2600 வரிசைச் சர்வரில் கடைசியில் ஒன்றும் இல்லையென்றால் 2012, வி2 என்றால் 2013, வி3 என்றால் 2014, வி4 என்றால் 2016. நெல்லுக்குப் போகம் கேட்பது போலத்தான் இது.

இந்த எண்ணுக்கு இன்னொரு முக்கியத்துவமும் வந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. அந்த வருடத் தீபாவளிக்குச் சரியாக ஆறு நாள் முன்பு. அடுத்த விண்டோஸ் 11, இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் முறைப்படி ஏற்கிறது. மேலே சொன்ன ஈ5 சர்வர் வகை நான்குமே அதில் சேராது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள். வரிக் கணக்கும் வங்கிக் கணக்கும் ஓடுகிற மெஷினில் அந்த வேலை வேண்டாம் என்று எங்கள் ஆடிட்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இப்போது எங்கள் கல்லாவில் இருப்பது ஒரு பன்னிரண்டாம் தலைமுறை லேப்டாப். தினம் இரவு கடை சாத்தும் முன் கணக்கை இரண்டு பென் டிரைவில் எடுத்து, ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். திருத்திக்கொள்ளும் நினைவகம் இல்லாத குறைக்கு என்னால் முடிந்த பரிகாரம் அது. 2025 தீபாவளியில் லோடுமேன் யாரும் பில்லுக்காக மூட்டையோடு நிற்கவில்லை.

மல்லாங்கிணறு தம்பியிடம், விற்பவரிடம் எண்ணைக் கேட்டு எனக்கு அனுப்பச் சொன்னேன். மறுநாள் காலை போனில் வந்தது. ஈ5-2650 வி2, இரண்டு. 2013 சரக்கு. விவரத்தைச் சொன்னவுடன் அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அண்ணாச்சி, ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுத்துட்டேனே" என்றார். திரும்ப வாங்கப் போயிருக்கிறார்.